ராத்திரி எங்கே தங்குவீங்க?

சைக்கிளில் நெடுந்தூரம் போகப் போகிறேன் என்று யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். வரிசையாக நாலு கேள்வி வரும். பஞ்சர் ஆனா என்ன பண்ணுவே? கால் வலிக்காதா? கியர் சைக்கிளா? பஸ்ஸில் போனா என்ன குறைச்சல்?

கடைசிக் கேள்விக்கு என்னிடம் இன்றுவரை நல்ல பதில் கிடையாது :-) மற்ற மூன்றும் பெரிய விஷயமே இல்லை. பஞ்சர் கடை இல்லாத ஊரைத் தமிழ்நாட்டில் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். கால் வலி மூன்றாம் நாளில் பழகிவிடும். டெல்டா பக்கம் சாலை கைப்பலகை மாதிரி தட்டையாகக் கிடப்பதால் கியர் இல்லாவிட்டாலும் ஒன்றும் குடி முழுகாது.

கேட்க வேண்டிய கேள்வியை மட்டும் யாரும் கேட்பதில்லை. ராத்திரி எங்கே தங்குவீங்க?

என் கட்சி இதுதான். நம் ஊரில் மாணவர்கள், சாதாரண ஆட்கள் சைக்கிளில் ஊர் சுற்றாமல் இருப்பதற்கு வெயிலையோ சாலையையோ சைக்கிள் விலையையோ காரணம் சொல்வது சரியில்லை. பகல் முழுக்க மிதிப்பதில் ஒரு கஷ்டமும் இல்லை. சாயங்காலம் நாலு மணிக்கு மேல்தான் கஷ்டம் ஆரம்பிக்கிறது. அது பயணம் போகிறவனின் சாமர்த்தியத்தால் தீர்கிற கஷ்டமும் அல்ல. ஊர் கூடித் தீர்க்க வேண்டியது. ஒரு காலத்தில் ஊர் அதைத் தீர்த்தும் வைத்திருந்தது.

காற்றில் கணக்குப் போடாமல் ஒரு நாளை எடுத்துக்கொண்டு பேசுகிறேன்.

பொங்கல் விடுமுறையில் நானும் இரண்டு நண்பர்களும் சிதம்பரத்திலிருந்து ராமேஸ்வரம் வரை கிழக்குக் கடற்கரைச் சாலையில் போனோம். ஆறு நாள். மொத்தக் கதையையும் சொல்லி உங்களை அறுக்கப் போவதில்லை. வேதாரண்யத்திலிருந்து மல்லிப்பட்டினம் வரை போன மூன்றாம் நாள் மட்டும்.

மூன்று பேரில் ஒருவன் ஓட்டியது பிளஸ் ஒன்னில் அரசாங்கம் கொடுத்த இலவச சைக்கிள். கியர் கிடையாது. ஆனால் பின்னால் நல்ல இரும்புக் கேரியர் உண்டு. என் கியர் சைக்கிளுக்குக் கேரியரே கிடையாது, தனியாகக் காசு கொடுத்து மாட்ட வேண்டியிருந்தது. அதனால் நாலு கிலோ கூடாரம் அவன் வண்டியில்தான் ஏறியது. பழைய டியூபைக் கிழித்து நாடாவாக்கிக் கட்டினோம். அதைவிட நல்ல கயிறு உலகத்தில் கிடையாது. கட்டினால் அசையாது, அவிழ்த்தால் உடனே வந்துவிடும்.

முந்தின ராத்திரி வேதாரண்யத்தில் அவன் சித்தப்பா வீட்டு மொட்டை மாடியில் கூடாரம். விடியற்காலை ஐந்தரைக்கு எழுந்து பார்த்தால் வெளிப்பக்கம் மழையில் நனைந்த மாதிரி சொட்டச் சொட்ட இருந்தது. தை மாதப் பனி. உள்பக்கமும் ஈரம், மூன்று பேர் விட்ட மூச்சுதான். உதறிவிட்டு அப்படியே சுருட்டிக் கட்டினோம். ஈரக் கூடாரம் காய்ந்த கூடாரத்தைவிட நன்றாகவே கனக்கும். மதியம் எங்காவது விரித்துக் காயவைக்க வேண்டும் என்பது அன்றைய வேலைப் பட்டியலில் முதல் வரி.

ஆறேகாலுக்குக் கிளம்பினோம். திருத்துறைப்பூண்டி சுமார் 35 கிலோமீட்டர். இருபுறமும் சம்பா அறுவடை. சில இடங்களில் பாதிச் சாலையை நெல் பிடித்துக்கொண்டிருந்தது. லாரிக்காரனுக்கு அது எரிச்சல். எங்களுக்கு வசதி, எல்லா வண்டியும் வேகத்தைக் குறைக்கிறதே! சுமையோடு எங்கள் வேகம் மணிக்கு 13, 14 கிலோமீட்டர். அந்த வேகத்தில் பதரின் வாசனை தெரியும். வரப்பில் நிற்கிறவர் கேட்கிற கேள்விக்கு நிறுத்தாமலே பதில் சொல்லலாம். "எங்கேப்பா போறீங்க?" "ராமேஸ்வரம்!" "நல்லா போய்ட்டு வாங்க!" அவ்வளவு பேச சரியாக நேரம் இருக்கும்.

இந்தச் சாலையைப் பற்றி ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். 1930 ஏப்ரலில் ராஜாஜியும் சுமார் நூறு தொண்டர்களும் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்புச் சத்தியாக்கிரகத்துக்காக நடந்தார்கள். ஏப்ரல் 13 கிளம்பி 28 வந்து சேர்ந்தார்கள். ஏறத்தாழ 240 கிலோமீட்டர். இவர்களைத் தடுக்க தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் என்ன செய்தார் தெரியுமா? வழியை மறிக்கவில்லை. நடக்கிறவர்களுக்குச் சோறோ தங்க இடமோ கொடுத்தால் சிறைத் தண்டனை என்று ஊர் ஊராக அறிவித்தார். பயணத்தை நிறுத்த வேண்டுமானால் பகலைத் தொட வேண்டாம், ராத்திரியை மூடினால் போதும் என்று அந்த மனிதருக்குத் தெரிந்திருக்கிறது! ஜனங்கள் சும்மா இருக்கவில்லை. சோற்றுப் பொட்டலத்தைச் சாலையோர மரக்கிளையில் கட்டித் தொங்கவிட்டார்கள். தங்க இடம் கொடுத்துவிட்டு ஜெயிலுக்குப் போனவர்களும் உண்டு.

அந்த மரங்களின் வாரிசுகள் நிழலில்தான் நாங்கள் போனோம். சோறு கட்டியிருக்கவில்லை. அதனால் ஒன்பது மணிக்குத் திருத்துறைப்பூண்டியில் தலைக்கு எட்டு இட்லி, ஒரு தோசை.

இட்லியைச் சொன்னது சும்மா இல்லை. வெளிநாட்டில் இப்படிப் போகிறவர்கள் அடுப்பு, பாத்திரம், அரிசி எல்லாம் சுமப்பார்கள். அங்கே கடைக்கும் கடைக்கும் தூரம் அதிகம். நமக்குப் பத்து கிலோமீட்டருக்கு ஒரு டீக்கடை. பசிக்கிற இடத்தில் சாப்பாடு, தாகத்துக்குத் தண்ணீர், உடைந்தால் பஞ்சர் கடை. சைக்கிள்காரனுக்கு வேண்டிய முக்கால்வாசி ஏற்பாடு நம் சாலைகளில் தானாகவே அமைந்திருக்கிறது. மிச்சம் கால்வாசிதான் இல்லை.

முத்துப்பேட்டைக்குப் பதினொன்றரை. வாடைக்காற்று முதுகில் இருந்ததால் சைக்கிள் தானாகப் போன மாதிரி இருந்தது. சாப்பிட்டுவிட்டு, கடைக்காரரிடம் கேட்டு அவர் மதில் மேல் கூடாரத்தை விரித்தோம். அரை மணியில் காய்ந்தது. ஒருத்தன் பெஞ்சிலேயே தூங்கினான். இரண்டு மணிக்கு மறுபடி மிதி. அதிராம்பட்டினம் தாண்டியபோது மூன்றரை. எழுபத்தைந்து கிலோமீட்டர் முடிந்திருந்தது. காலில் இன்னும் முப்பது கிலோமீட்டருக்குத் தெம்பு இருந்தது.

இங்கேதான் நான் சொன்ன கஷ்டம் ஆரம்பம்.

அந்த மாதத்தில் ஆறு மணி பத்து நிமிஷத்துக்குச் சூரியன் மறைந்துவிடும். இருட்டில் லாரி ஓடுகிற சாலையில் ஓட்டக்கூடாது என்பது நாங்கள் வைத்திருந்த ஒரே கண்டிப்பான விதி. ஐந்தரைக்குள் இடம் கிடைத்தாக வேண்டும் என்றால் நாலு மணிக்கே தேட ஆரம்பிக்க வேண்டும். லாட்ஜ் இருக்கிற ஊரில்தான் நாளை முடிப்பது என்று வைத்தால் ஒரு நாள் 50 கிலோமீட்டரோடு நிற்க வேண்டும், இன்னொரு நாள் 120 ஓட்ட வேண்டும். கூடாரம் வைத்திருப்பதே அந்தக் கட்டாயம் வேண்டாம் என்றுதான். ஆனால் கூடாரத்துக்கும் தரை வேண்டுமே! அந்தத் தரை யாருடையது?

முதலில் ஒரு பள்ளிக்கூடம். பெரிய மைதானம், அடிபம்பு, வேப்பமரம். வாட்ச்மேன் தலைமையாசிரியருக்குப் போன் போட்டார். அவர் மரியாதையாகத்தான் பேசினார். "தம்பி, எனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்லை. ஆனா நாளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா நான்தானே பதில் சொல்லணும்? மேலே இருந்து ஒரு எழுத்து இருந்தா தாராளமா விடுவேன்." அவர் சொன்னதில் தப்பே இல்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு இந்த எழுத்துக்கு வருகிறேன்.

அடுத்து ஒரு கல்யாண மண்டபம். வராந்தாவில் ஓர் ஓரம் போதும் என்றோம். முழு நாள் வாடகை கேட்டார்கள். அடுத்து கடலோரமாகத் தூண்கள் மேல் உயர்த்திக் கட்டிய ஓர் அரசுக் கட்டடம், புயலின்போது ஜனங்கள் வந்து தங்குவதற்காகக் கட்டியது. பூட்டியிருந்தது. சாவி யாரிடம் என்று அக்கம்பக்கத்தில் ஐந்து பேரைக் கேட்டோம், ஐந்து பதில் வந்தது. அடுத்து ஒரு டீக்கடையில், நன்றாகப் பேசிக்கொண்டிருந்த ஒருவர், பக்கத்தில் தன் இடம் ஒன்று இருப்பதாகச் சொன்னவர், இடையில் குரலைத் தாழ்த்திக் கேட்டார். "தம்பி, நீங்க என்ன ஆளுங்க?"

புரியாத மாதிரி நாங்கள் டீயைக் குடித்துவிட்டு எழுந்துவிட்டோம்.

மணி ஐந்தேகால். மல்லிப்பட்டினம் நெருங்கியபோது மனோரா கோபுரம் கண்ணில் பட்டது. நெப்போலியனை ஆங்கிலேயர்கள் ஜெயித்ததற்காக இரண்டாம் சரபோஜி கட்டிய எட்டடுக்குக் கோபுரம். சாலையோரத் தென்னந்தோப்பில் ஒரு பெரியவர் பம்பு செட்டை நிறுத்திக்கொண்டிருந்தார். கேட்டோம்.

"எந்த ஊரு தம்பி?"

சொன்னோம்.

"சைக்கிள்லயேவா? சாப்டீங்களா?"

"பரோட்டா பார்சல் வாங்கியிருக்கோம் ஐயா. படுக்க மட்டும் ஒரு இடம் போதும். காலையில ஆறு மணிக்குக் கிளம்பிடுவோம்."

நாங்கள் இடம் பார்ப்பதற்குள் அவரே கை காட்டினார். "மரத்தடியில போட்டுறாதீங்க, மட்டை விழும். தேங்கா விழுந்தா அதைவிட மோசம். இந்தா, களத்து மேட்டுல போடுங்க. தண்ணி தொட்டியில இருக்கு." மரத்துக்கு மரம் பெரிய இடைவெளி விட்டிருந்ததைப் பார்த்து நண்பன் காரணம் கேட்டான். கஜா என்று ஒரே வார்த்தை சொன்னார். 2018 நவம்பரில் அடித்த புயலில் அந்தத் தோப்பில் பாதிக்கு மேல் சாய்ந்ததாம். இப்போது இருப்பதில் நிறையக் கன்று பிறகு வைத்தது. "அப்ப எங்கேருந்தோ லாரியில வந்து அரிசி, தார்ப்பாய், மெழுகுவத்தின்னு குடுத்தாங்க. என்ன ஊரு, என்ன ஆளுன்னு அவங்களும் கேக்கல, நாங்களும் கேக்கல. நீங்க படுங்க தம்பி."

தொட்டியில் குளித்து, பரோட்டாவைத் தின்று, எட்டு மணிக்கெல்லாம் தூங்கிவிட்டோம். கொசுக்கடி தவிர குறையில்லை. காலையில் அந்த அம்மா பித்தளைச் சொம்பில் டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, காசு என்று வாயைத் திறக்கும் முன்பே உள்ளே போய்விட்டார்.

இந்த இடத்தில் "மனிதம் இன்னும் சாகவில்லை" என்று எழுதி முடித்துவிட்டால் எல்லோருக்கும் சந்தோஷம். அந்தப் பெரியவர் விஷயத்தில் அது உண்மைதான். ஆனால் அப்படி முடித்தால் அது பொய்க் கணக்கு என்று எனக்குத் தோன்றுகிறது. காரணம் சொல்கிறேன்.

நாங்கள் மூன்று பேரும் ஆண்கள். தமிழ் பேசுகிறவர்கள். பையில் கல்லூரி அடையாள அட்டை. இவ்வளவு இருந்தும் நாலு கதவு தட்டி ஐந்தாவதில்தான் இடம் கிடைத்தது. இதில் ஏதாவது ஒன்று குறைந்திருந்தால்? தனியாக வருகிற தாடிக்காரர் ஒருவரை யார் உள்ளே விடுவார்கள்? ஒடிசாவிலிருந்து வந்த ஒரு பையனை? டீக்கடைக்காரரின் கேள்விக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்ற நிலைமை வந்தால், சொன்ன பிறகு எத்தனை பேருக்கு இடம் கிடைக்கும்? இரக்கம் நல்லதுதான். ஆனால் இரக்கம் பல நேரம் ஆளைப் பார்த்துத்தான் வருகிறது.

இன்னொரு விஷயம் நம் வகுப்பில் பலருக்குத் தெரியும். இந்தப் பயணத்தில் நாலாவதாக ஒரு தோழி வருவதாக இருந்தது. எங்கள் மூவரையும்விட நன்றாக ஓட்டுவாள். ரூட், தூரம், எந்த ஊரில் மதியச் சாப்பாடு என்று காகிதத்தில் எழுதியவளும் அவள்தான். அவள் அப்பா கத்தவில்லை, திட்டவில்லை. காகிதத்தை முழுக்கப் படித்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார். "ராத்திரி எங்கேம்மா தங்குவீங்க?" அவளிடம் பதில் இல்லை. எங்களிடமும் இல்லை. அவள் வரவில்லை.

பிற்போக்கு என்று அவரைத் திட்டுவது சுலபம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அன்று மாலை அந்தப் பூட்டிய கட்டடத்தின் முன்னால் நின்றபோது அவருடைய கேள்விதான் காதில் விழுந்தது. சிதம்பரத்திலிருந்து ராமேஸ்வரம் வரை எத்தனையோ பேரிடம் பேசினோம். சைக்கிள் பயணத்துக்குத் தேவையான ஒரே கேள்வியைக் கேட்டவர் அவர்தான்.

அடுத்த நாள் நாங்கள் புதுக்கோட்டை மாவட்டக் கடற்கரைக்குள் நுழைந்தோம். 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் கிராமத்துப் பெண்களுக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்த மாவட்டம். அப்போது ஷீலா ராணி சுங்கத் அங்கே கலெக்டர். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் கற்றுக்கொண்டதாகப் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். பிறகு 2001-02இல் பட்டியலின, பழங்குடி மாணவிகளுக்கு என்று தொடங்கிய இலவச சைக்கிள் திட்டம் விரிந்து, அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி மாணவ மாணவியர் எல்லோருக்கும் வந்தது. ஆக, நம் மாநிலத்தில் சைக்கிள் இல்லை என்ற பேச்சே கிடையாது. வீட்டுத் திண்ணையில் நிற்கிறது. வீட்டிலிருந்து பள்ளிக்கூடம், பள்ளிக்கூடத்திலிருந்து வீடு. அதைத் தாண்டி ஒரு ராத்திரி தூரம் போக வழி இல்லை.

முன்பு இருந்தது. மல்லிப்பட்டினத்தைத் தாண்டினால் வருகிற ஊரின் பெயரைக் கவனியுங்கள், சேதுபாவாசத்திரம். பெயரிலேயே சத்திரம். தஞ்சை மராட்டியர் காலத்தில் ராமேஸ்வரம் போகிற வழியெல்லாம் சத்திரங்கள் இருந்தன. ஒரத்தநாட்டில் முக்தாம்பாள் சத்திரம் இன்றும் நிற்கிறது. அதற்கும் முன்பே மதுரைப் பக்கம் ராணி மங்கம்மாள் சாலையும் சத்திரமும் அமைத்தார். கர்ப்பத்தில் இறந்துபோன பெண்களின் நினைவாக வழியில் சுமைதாங்கிக் கல் நட்டார்கள், நடந்து வருகிறவன் தலைச்சுமையை யார் உதவியும் இல்லாமல் இறக்கிவைக்க. நடக்கிறவனுக்கு என்ன வேண்டும் என்று யோசித்து அமைத்த சாலைகள் அவை.

பிறகு ரயில் வந்தது, பஸ் வந்தது. பத்து நாள் பயணம் பத்து மணி நேரம் ஆனது. வழியில் ராத்திரி தங்க வேண்டிய அவசியமே போய்விட்டது. சத்திரம் ஆபீஸ் ஆனது, பள்ளிக்கூடம் ஆனது, இடிந்தது. இதில் யாருடைய சதியும் இல்லை. தேவை போனதும் பொருளும் போனது. ஆனால் மணிக்கு 14 கிலோமீட்டரில் போகிறவனுக்கு அந்தத் தேவை அப்படியேதான் இருக்கிறது. அவன் இருக்கிறான் என்பதே சாலை போடுகிறவர்களுக்கு மறந்துவிட்டது.

பழசை ரொம்பவும் புகழ வேண்டாம். அந்தச் சத்திரங்கள் பலவற்றில் பந்தி சாதி பார்த்துத்தான் நடந்தது. டீக்கடைக்காரரின் கேள்வி அங்கேயும் கேட்கப்பட்டது. எனக்குச் சத்திரம் திரும்ப வேண்டாம். "நீங்க என்ன ஆளுங்க" என்று கேட்க அதிகாரமில்லாத ஓர் இடம் வேண்டும்.

மற்ற ஊர்களில் இதை எப்படிச் செய்திருக்கிறார்கள்? ஸ்காட்லாந்தில் 2003இல் ஒரு நிலச் சட்டம் கொண்டுவந்தார்கள். வேலி போட்ட வயல், வீட்டுத் தோட்டம் போன்றவை தவிர, பெரும்பாலான திறந்த நிலங்களில், பொறுப்பாக நடந்துகொண்டால், யார் வேண்டுமானாலும் கூடாரம் போட்டு ஓரிரு ராத்திரி தங்கலாம். அமெரிக்காவில் ஒரிகன் மாநிலப் பூங்காக்களில் நடந்தும் சைக்கிளிலும் வருகிறவர்களுக்கென்று தனி இடம் குறைந்த கட்டணத்தில் ஒதுக்கியிருக்கிறார்கள். அந்த நாட்டின் 200ஆம் சுதந்திர ஆண்டான 1976இல் சுமார் நாலாயிரம் பேர் ஒரிகனிலிருந்து வர்ஜீனியாவரை ஏறத்தாழ 6,800 கிலோமீட்டர் தடத்தில் சைக்கிள் ஓட்டக் கிளம்பினார்கள். அவர்களுக்காக யாரும் புதிதாக ஹோட்டல் கட்டவில்லை. வழியிலிருந்த பள்ளிக்கூடங்களும் சர்ச் கூடங்களும் கதவைத் திறந்துவிட்டன. அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். வட இந்தியாவில் பயணம் போனவர்களைக் கேட்டுப் பாருங்கள், குருத்வாராவில் தங்கிய கதை ஒன்று எல்லோரிடமும் இருக்கும்.

நம் ஊரிலேயே வருஷத்தில் சில நாள் இது நடக்கத்தானே செய்கிறது? தைப்பூசத்துக்குப் பழனிக்கும், செப்டம்பர் 8 திருவிழாவுக்கு வேளாங்கண்ணிக்கும் நடந்து போகிறவர்களுக்கு வழியெல்லாம் தண்ணீர்ப் பந்தல், சோறு, படுக்கப் பந்தல். அதே சாலை, அதே ஊர். திருவிழா முடிந்ததும் பந்தலைப் பிரித்துவிடுகிறார்கள். சாமிக்காக நடக்கிறவனுக்குத் திறக்கிற கதவு, சும்மா ஊர் பார்க்க வருகிறவனுக்கு மூடியிருக்கிறது.

ஆகவே நான் கேட்பது கோடி ரூபாய்த் திட்டம் இல்லை. அந்தத் தலைமையாசிரியர் கேட்ட எழுத்து, அதுதான். ஒவ்வொரு மாவட்டத்திலும் 40 கிலோமீட்டருக்கு ஒன்று என்ற கணக்கில், ஏற்கனவே இருக்கிற கட்டடத்தையோ மைதானத்தையோ குறித்து, "இங்கே ஒரு ராத்திரி தங்கலாம்" என்று எழுத்தில் கொடுத்துவிட வேண்டும். ஊராட்சி சமுதாயக்கூடம் இருக்கிறது. கடலோரத்தில் புயலுக்குக் கட்டிய மையங்கள் இருக்கின்றன. அவற்றின் பெயரிலேயே "பல்நோக்கு" என்று போட்டிருக்கிறது. புயல் இல்லாத மாதங்களில் இது ஒரு நோக்கமாக இருந்துவிட்டுப் போகட்டுமே! பெண்களுக்கு உள்ளே தாழ்ப்பாள் போடக்கூடிய தனி அறை, விளக்கு எரிகிற கழிப்பறை. சாவி யாரிடம் என்று கதவிலேயே ஒரு போன் நம்பர்.

விதி வேண்டுமா, தாராளமாகப் போடுங்கள். ஆறு மணிக்குள் வர வேண்டும். அடையாள அட்டையைக் காட்டிப் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். குடிக்கக்கூடாது, நெருப்பு மூட்டக்கூடாது. காலை ஏழு மணிக்குள் குப்பையையும் எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டும். தலைக்கு 50 ரூபாய் ஊராட்சிக்கு. பதிவேட்டில் பெயர், ஊர், போன் நம்பர் மூன்று கட்டம் போதும். நாலாவது கட்டம் வேண்டாம்.

"யாரு சைக்கிள்ல வரப் போறா?" என்பார்கள். பாலம் கட்டும் முன்னால் ஆற்றை நீந்திக் கடக்கிறவர்களை எண்ணிவிட்டு, நாலு பேர்தான், பாலம் எதற்கு என்று கேட்கிற மாதிரி இருக்கிறது இது. வர நினைத்து வராமல் போனவர்களை எந்தக் கணக்கெடுப்பும் எண்ணுவதில்லை. எங்கள் குழுவில் நாலில் ஒருவர் அப்படி நின்றுபோனார்.

"திருடன் வருவான், குடிகாரன் வருவான்" என்பார்கள். வரலாம். எழுத்தும் பதிவேடும் எதற்கு என்றால் அதற்காகத்தான். இன்றைக்கு யார் எங்கே தங்குகிறார்கள் என்று யாருக்கும் தெரியாமல் பஸ் ஸ்டாப்பிலும் பெட்ரோல் பங்க்கிலும் படுத்துவிட்டுப் போகிறார்கள். எது பாதுகாப்பு?

"பராமரிப்பு யார் பார்ப்பது?" இது நல்ல கேள்வி. சுலபமான பதில் இல்லை. ஆனால் பூட்டியே கிடக்கிற கட்டடம்தான் சீக்கிரம் பாழாகும் என்று நம் பாட்டிகளுக்கே தெரியும். வாரத்துக்கு நாலு பேர் வந்து போகிற இடத்தில் குழாய் ஒழுகினால் யாராவது சொல்லுவார்கள்.

அரசாங்கம் செய்கிறவரை காத்திருக்கவும் வேண்டாம். நம்மில் பாதிப் பேர் ஊர்ப்பக்கத்துக்காரர்கள். உங்கள் ஊரில் சமுதாயக்கூடம் இருக்கிறதா, சாவி யாரிடம், கழிப்பறை வேலை செய்கிறதா என்று இந்த விடுமுறையில் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். ஊராட்சித் தலைவரிடம் ஒரு வார்த்தை பேசுங்கள். அடுத்த கிராமசபையில் ஒரு தீர்மானம் போட முடியுமா என்று கேளுங்கள். பத்து ஊர் கிடைத்தால் போதும், சிதம்பரத்திலிருந்து ராமேஸ்வரம் வரை ஒரு பட்டியல் போட்டுவிடலாம். ஊர் பெயர், தூரம், போன் நம்பர் என்று ஒரே பக்கத்தில் அடங்கிவிடும். அந்தப் பக்கத்தை ஒரு அப்பாவிடம் நீட்ட முடிய வேண்டும். அவர் அதை முழுக்கப் படிப்பார் என்று எனக்குத் தெரியும்.